‘டி’க்கு மேல் ஏறாத தாள்

எங்கள் பகுதிக் கவுன்சிலின் பாடசாலைகள் லண்டன் பரீட்சைப் பட்டியலின் அடியிலிருந்து எப்படி மேலே வந்தன என்பதைப் பலர் பல விதமாகச் சொல்வார்கள். கவுன்சிலர்கள் தாங்கள் போட்ட திட்டம் என்பார்கள். பாடசாலை அதிபர்கள் தங்கள் ஆசிரியர்களின் உழைப்பு என்பார்கள். உள்ளூர்ப் பத்திரிகை கல்விப் பணிப்பாளரின் படத்தை முதற்பக்கத்தில் போட்டு, எல்லாம் அவரால்தான் என்று எழுதியது. எல்லாரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் அந்தக் கவுன்சிலின் கல்விப் பகுதியில் தபால் அறைப் போர்ட்டராக வேலை பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அறிக்கைகளும் பட்டியல்களும் என் கையால் போயினவே தவிர, அவற்றை நான் வாசித்ததில்லை. ஆனால் ஒரு மாசி மாதம் நடந்த காரியத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அதை நான் இதுவரை யாருக்கும் முழுதாகச் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தேன். வெம்பிளியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் சில வருடம் பாத்திரம் கழுவினேன். பிறகு கவுன்சில் கட்டடத்தில் துப்புரவு வேலை, அதற்குப் பிறகு தபால் அறை. மனைவியும் மகளும் நான் வந்து ஐந்தாறு வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு அப்போது பதினொரு வயது. தபால் அறை வேலை எனக்குப் பிடித்ததற்கு ஒரே காரணம், அதில் பேச்சு இல்லை. தள்ளுவண்டியில் கடிதங்களை அடுக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு மேசையிலும் இருக்கிற தட்டில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினால் போதும். அவர்களும் தலையை ஆட்டுவார்கள். ஒரு நாள் முழுவதும் நாலு சொல்லோடு கழிந்துவிடும். எனக்கு அதுவே அதிகம்.

புதிய கல்விப் பணிப்பாளர் வந்தபோது கட்டடத்தில் எல்லாருடைய முகமும் தொங்கிப்போயிருந்தது. பாடசாலைகளின் பரீட்சைப் பெறுபேறுகளைப் பத்திரிகைகள் பட்டியல் போட்டு வெளியிடத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் கவுன்சிலின் பெயரைத் தேடுகிறவர்கள் பட்டியலைக் கீழிருந்து மேலே வாசித்தால் சுருக்காகக் கண்டுபிடிக்கலாம் என்று தபால் அறையிலேயே பகிடி விட்டார்கள். வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஸ்கொட்லாந்துப் பெண். குதி இல்லாத சப்பாத்து, முழங்கையில் ஒட்டுத் தைத்த கம்பளிச் சட்டை. சான்ட்விச்சை நின்றபடியே சாப்பிடுவார். வந்த இரண்டாம் நாள் தபால் அறைக்கு இறங்கி வந்து, பாடசாலைகளுக்குக் கடிதம் கொண்டுபோகிற கித்தான் பைகளைக் காட்டும்படி கேட்டார். எந்தப் பணிப்பாளரும் அதற்கு முன்பு அந்தப் படியில் இறங்கியதில்லை.

ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு பை. வாரத்தில் இரண்டு நாள் கவுன்சிலின் வான் வண்டியில் போய் வரும். அந்தப் பையை வைத்துத்தான் அவர் தன் வேலையைத் தொடங்கினார். திங்கட்கிழமை அதிபர்களுக்கு ஓர் இலக்கம் அனுப்புவார். ஒருமுறை ஒன்பது, அடுத்தமுறை இருபத்திரண்டு. வகுப்புப் பதிவேட்டில் அந்த இலக்கத்தில் எந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறதோ, அந்தப் பிள்ளையின் கணிதக் கொப்பியும் ஆங்கிலக் கொப்பியும் வியாழக்கிழமைப் பையில் வர வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளையின் கொப்பியைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வழியில்லை. ஓர் அதிபர் தொலைபேசியில், அந்த இலக்கத்துப் பிள்ளை இந்த வாரம் பாடசாலைக்கு வரவில்லை என்றாராம். கொப்பியுமா வரவில்லை என்று இவர் கேட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லி அவருடைய செயலாளர் பெண் ஒரு மாதம் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் கூட்ட அறையின் நீண்ட மேசையில் அந்தக் கொப்பிகளைப் பரப்பி வைப்பது என் வேலை. ஒரு பக்கம் கணிதம், மறு பக்கம் ஆங்கிலம். பணிப்பாளரும் பாட ஆலோசகர்களும் மேசையைச் சுற்றி நடந்தபடி புரட்டுவார்கள். எந்தப் பாடசாலையில் திருத்தாமல் விடுகிறார்கள், எங்கே ஒரே பாடத்தை மூன்று மாதம் இழுக்கிறார்கள், எங்கே ஒரு புது ஆசிரியை அருமையாகப் படிப்பிக்கிறார் என்பதெல்லாம் அந்த மேசையில் தெரிந்துவிடும். அருமையாகப் படிப்பிக்கிறவரிடம் மற்றப் பாடசாலை ஆசிரியர்களை அனுப்பினார். நூலகங்களை மாலை ஆறு மணி வரைக்கும் திறந்து வைக்கச் செய்தார். ஆங்கிலம் புதிதான பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியர்கள் வந்தார்கள். ஒவ்வொரு வருடமும் எங்கள் பெயர் பட்டியலில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. மற்றக் கவுன்சில்களிலிருந்து அதிகாரிகள் வந்து என் மேசையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் மேசை என்று சொல்வது பிழைதான். ஆனால் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் பதினாறு வயதுப் பரீட்சை எடுக்கிற வருடம். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பாடசாலையிலிருந்து ஒரு பச்சை நிறப் படிவம் கொண்டுவந்தாள். கணிதப் பரீட்சைக்குப் பெயர் அனுப்புவதற்குப் பெற்றோரின் சம்மதம். மனைவி மேசையைத் துடைத்துவிட்டாள். நான் கை கழுவிவிட்டு வந்து, நல்ல பேனையை எடுத்து, என் முழுப்பெயரையும் ஆங்கிலத்தில் ஆறுதலாக எழுதினேன். என் பிள்ளை லண்டனில் பரீட்சை எடுக்கப் போகிறது என்பதைத் தவிர அந்தத் தாளில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, பணிப்பாளர் ஒரு கணிதக் கொப்பியை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாக் கணக்கும் சரி. கொப்பியின் கடைசியில் ஒரு பச்சைப் படிவம் செருகியிருந்தது. நான் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். கொப்பியில் இருந்தது எங்கள் தமிழ்ப் பெயர்களில் ஒன்று, ஆனால் என் மகளுடையது அல்ல.

“இந்தப் பிள்ளை எந்தத் தாள் எழுதப் போகிறது?” என்று கணித ஆலோசகரிடம் கேட்டார்.

“கீழ்த்தாள். ஆங்கிலம் போதாது. வசனக் கணக்கு வந்தால் தடுமாறுவார்கள். கீழ்த்தாள் என்றால் பயமில்லை.”

பணிப்பாளர் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் மூன்று ஏணிகள் வரைந்தார். ஒன்று கட்டை, ஒன்று நடுத்தரம், ஒன்று நெட்டை. நெட்டை ஏணியின் உச்சியில் ‘ஏ’ என்று எழுதினார். நடு ஏணியின் உச்சியில் ‘பி’. கட்டை ஏணியின் உச்சியில் ‘டி’. என் ஆங்கிலம் மட்டு மட்டுத்தான். ஆனால் ஏணி விளங்குவதற்கு ஆங்கிலம் தேவையில்லை. கீழ்த்தாள் எழுதுகிற பிள்ளை எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதினாலும் ‘டி’க்கு மேல் ஏற முடியாது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பில் கணிதம் படிக்க ‘பி’யாவது வேண்டும்.

“பெற்றோருக்கு இது தெரியுமா?” என்றார்.

“எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை.”

என் கையில் இருந்த கோப்பை தட்டில் பட்டுச் சத்தம் போட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தப் பலகையையும் பார்க்காமல், படிவத்தையும் பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று அன்று முழுவதும் நினைத்தேன்.

வீட்டுக்குப் போய் மகளிடம் எந்தத் தாள் என்று கேட்டேன். கீழ்த்தாள் என்றாள். ‘டி’க்கு மேல் இல்லை என்று தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும் அப்பா. சேர் கிளாசில சொன்னவர்.”

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே. தந்த உடன சைன் பண்ணினீங்கள். உங்களுக்கு ஓகே எண்டு நினைச்சன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொறியியல் படிக்க வேண்டும் என்று இங்கே வந்த முதல் வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது கணிதம் இல்லாத பாடங்கள் என்னென்ன இருக்கின்றன என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தாள். எனக்குத் தெரியாமல் அதற்கான தாள்களும் மேசை லாச்சிக்குள் இருந்தன.

மனைவிக்கு என்னைப் போலச் சுற்றிப் பேசத் தெரியாது. “அந்த மனிசியின்ர மேசையில ஒவ்வொரு நாளும் கடுதாசி வைக்கிறியள். ஒரு சொல்லு வைக்க ஏலாதோ?” என்றாள்.

நான் போர்ட்டர், அவ பணிப்பாளர், அப்படிப் போய்க் கேட்க ஏலாது என்றேன்.

“அப்ப இருங்கோ. பிள்ளை டி எடுத்துக்கொண்டு வரட்டும். அதையும் நல்ல பேனையால சைன் பண்ணுவம்.”

ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வே கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் சாப்பிடும்போது, எங்கள் பக்கத்துப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற தகப்பன்மாரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் பச்சைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஏணி தெரியாது. பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிற ஒருவர், என்னை விட வயது குறைந்தவர், அவருடைய மகனும் என் மகளின் வகுப்புத்தான். அவர் வீட்டில் படிவத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, மூலையில் மஞ்சள் தொட்டுத்தான் கையெழுத்தே போட்டார்களாம்.

“வாத்தியார் அனுப்பின கடுதாசியில கேள்வி கேக்கிறதோ, அண்ணை? எங்கட அப்பர் கேட்டிருந்தால் வாத்தியார் எனக்கெல்லோ சாத்தியிருப்பார்,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏணிகளைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர், “கல்விக் கந்தோரில இருக்கிற உங்களுக்கே தெரியேல்லை எண்டால், பெற்றோல் அடிக்கிற எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள்தான் கேக்கோணும், அண்ணை. எங்களில ஆர் அந்தக் கந்தோருக்குள்ள போறது?” என்றார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் மூன்று ஆங்கில வசனங்களைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். தள்ளுவண்டியைப் பணிப்பாளரின் அறை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்த் தட்டில் கடிதங்களை வைத்தேன். அவர் தலையை ஆட்டினார். நான் போகவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மேடம், பச்சைப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு டி பற்றித் தெரியாது. எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது.”

அந்த அறையில் நான் முதன்முறையாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, வாசிக்காமல் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டார். ஆசிரியர் அனுப்பினார், அதனால் போட்டேன் என்றேன். அது அவருக்கு விளங்கவில்லை. பாடமாக்கிய வசனங்கள் முடிந்துபோய்விட்டன. இருந்த ஆங்கிலத்தை எல்லாம் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன்.

“ஆசிரியரிடம் ஏன் என்று கேட்டால், அவரை நம்பவில்லை என்று அர்த்தம். நாங்கள் மரியாதையாகக் கையெழுத்துப் போட்டோம்.”

அவர் அதைத் தன் குறிப்புக் கொப்பியில் எழுதினார். எழுதிவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்.

“உங்கள் மகளின் தாளை மட்டும் என்னால் மாற்ற முடியாது. இங்கே வேலை செய்கிறவரின் பிள்ளை என்று ஒரு பிள்ளைக்குச் செய்தால் அது அநியாயம். கீழ்த்தாளில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றால் செய்யலாம். பெயர் அனுப்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.”

அந்த மூன்று வாரம் கட்டடத்தில் நடந்ததைப் போல நான் வேறு எப்போதும் கண்டதில்லை. அதிபர்கள் வந்தார்கள். சாத்திய கதவுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. அவர்களுடைய பயத்திலும் நியாயம் இருந்தது. நெட்டை ஏணியில் ஏறுகிற பிள்ளை ‘சி’யும் எடுக்காமல் சறுக்கினால், கீழே பிடித்துக்கொள்ள வேறு படி இல்லை. கணிதத்தில் ஒன்றுமே எடுக்காத பிள்ளையாகிவிடும். அப்படிப் பல பிள்ளைகள் சறுக்கினால், இவ்வளவு வருடம் மெல்ல மெல்ல ஏறிய பட்டியலில் கவுன்சில் ஒரே வருடத்தில் பழைய இடத்துக்கு விழும். பட்டியல் விழுந்தால் அதற்குத் தான் பொறுப்பு, அதை எழுத்தில் தருகிறேன் என்று பணிப்பாளர் சொன்னார். அந்தக் கடிதத்தை நான்தான் ஒவ்வொரு பையிலும் போட்டேன்.

கீழ்த்தாளில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் பழைய நடுத்தாள் ஒன்றையும் மேல்தாள் ஒன்றையும் எழுதிப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பெற்றோர் வந்து, மூன்று தாளுக்கும் உச்சி எது என்பதை ஆசிரியரின் வாயால் கேட்டபிறகுதான் கையெழுத்து. அழைப்புக் கடிதத்தைத் தமிழிலும் குஜராத்தியிலும் உருதுவிலும் இன்னும் சில மொழிகளிலும் எழுதுவித்தார்கள். தமிழ்க் கடிதத்தைப் பணிப்பாளர் என்னிடம் காட்டச் சொல்லியிருந்தார். நல்ல தமிழ்தான். ஆனால் வாசித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தக் கடிதத்துக்கு எங்கள் ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள். பாடசாலை தகப்பனைக் கூப்பிடுகிறது என்றால் பிள்ளை ஏதோ குழப்படி செய்துவிட்டது என்றுதான் எங்களுக்கு அர்த்தம். வேலையைச் சாட்டி ஒளித்துக்கொள்வார்கள். செயலாளர் பெண்ணிடம் போய், முதல் வரியாக ‘உங்கள் பிள்ளை எந்தப் பிழையும் செய்யவில்லை’ என்று போட வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். பணிப்பாளர் சிரிக்கவில்லை. எல்லா மொழியிலும் அதையே முதல் வரியாகப் போடச் சொன்னார்.

சனிக்கிழமை மகளின் பாடசாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. இவ்வளவு தகப்பன்மார் இந்தப் பாடசாலைக்கு இருக்கிறார்களா என்று அதிபரே கேட்டார். பெற்றோல் நிலையக்காரர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். “பிழை செய்யேல்லை எண்டு எழுதினது நல்லதாப் போச்சு, அண்ணை. இல்லாட்டி அவனுக்கு ரெண்டு வைச்சிட்டுத்தான் வந்திருப்பன்,” என்றார்.

மகளின் கணித ஆசிரியர் சிறு மேசைக்குப் பின்னால் இருந்தார். நரைத்த தலை, விரல்களில் சோக்குத் தூள். என் மகளைக் கீழ்த்தாளில் போட்டவர் அவர்தான். கெட்ட மனிதர் அல்ல. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அவள் எழுதிய இரண்டு தாள்களையும் முன்னால் வைத்து, நடுத்தாள் மிகவும் நன்றாக எழுதியிருக்கிறாள் என்றார். மேல்தாள் சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். நடுத்தாள் எழுதினால் ‘பி’ கிடைக்கக்கூடும், பயமில்லை. ஆனால் நடுத்தாள் ‘பி’யோடு வருகிற பிள்ளைகள் உயர்தரக் கணிதத்தில் திணறுகிறார்கள், அதனால் சேர்ப்பதற்கு யோசிப்பார்கள். மேல்தாள் எழுதினால் ‘ஏ’ வரைக்கும் போகலாம். சறுக்கினால் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொல்லிவிட்டு, “உங்கள் விருப்பம் என்ன?” என்று கேட்டார்.

உங்கள் விருப்பம் சேர் என்ற பதில் என் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. எத்தனையோ தடவை சொன்ன பதில். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசையில் நிற்கிற தகப்பன்மாரும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. ஆசிரியரைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டேன்.

“சேர், இது உங்கள் பிள்ளை என்றால் எந்தத் தாள்?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மேல்தாளை மறுபடியும் புரட்டி, அவள் விட்ட இடங்களைப் பார்த்தார். எல்லாம் வசனக் கணக்குகள்.

“மேல்தாள்,” என்றார். பிறகு மகளைப் பார்த்து, “நாளும் காலை எட்டு மணிக்கு வருவாயா? கேள்வியை வாசிக்கப் பழக்குகிறேன்,” என்று கேட்டார்.

“வருவன்,” என்று அவள் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

எங்களுக்குப் பின்னால் நின்ற தகப்பன்மார் எல்லாரும் தங்கள் முறை வந்தபோது அதே கேள்வியைக் கேட்டார்களாம். மத்தியானம் ஆனபோது அந்த ஆசிரியர் கேள்விக்குக் காத்திராமல், என் பிள்ளை என்றால் இந்தத் தாள் என்று தானே சொல்லத் தொடங்கிவிட்டார்.

எட்டு மணி வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட பணிப்பாளர் அதை எல்லாப் பாடசாலைகளிலும் தொடங்குவித்தார். கணக்கு அல்ல, கேள்வியை வாசிக்கிற வகுப்பு. வீட்டிலும் அதையே செய்தோம். மாலையில் நான் வேலையால் வந்ததும், மகள் ஒரு வசனக் கணக்கை ஆங்கிலத்தில் வாசித்து, அது என்ன கேட்கிறது என்று எனக்குத் தமிழில் சொல்வாள். ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு குழாய், ஒன்று நிரப்புகிறது, ஒன்று வெளியே விடுகிறது. எனக்குக் கேள்வி விளங்கினால் அவளுக்கும் விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எனக்கு விளங்காவிட்டால் திரும்பவும் வாசிப்பாள். விடையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வசந்த காலம் முழுவதும் கணிதப் பரீட்சைக்கு நானும் படித்தேன் என்றுதான் சொல்லுவேன்.

பரீட்சை முடிந்து, ஆவணி மாதம் பெறுபேறு வருகிற வியாழக்கிழமை வந்தது. காலையிலேயே அதிபர்கள் பணிப்பாளரின் அறைக்குத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினார்கள். செயலாளர் பெண் நடைபாதையில் ஒரு பலகை வைத்து, ஒவ்வொரு பாடசாலையின் பெயருக்கும் எதிரே போன வருடத்தை விடக் கூடினால் மேல் நோக்கி ஓர் அம்பு, குறைந்தால் கீழ் நோக்கி ஓர் அம்பு போட்டுக்கொண்டிருந்தார். முதல் மூன்றும் மேலே. நாலாவதும் மேலே. ஐந்தாவது பாடசாலை அழைக்கும்போது நடைபாதையில் ஆட்கள் கூடிவிட்டார்கள், கணக்குப் பகுதியிலிருந்துகூட வந்து நின்றார்கள். ஒரே ஒரு பாடசாலைக்குக் கீழ் நோக்கி அம்பு விழுந்தது. அது கணிதத்தில் அல்ல. கதவுக்குள் சத்தம் போட்ட அதிபர்களில் ஒருவர் நேரில் வந்து, பணிப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே நின்றார். பணிப்பாளர் எப்போதும் போலச் சான்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடிக்க மறந்துபோனார். எங்கள் கவுன்சில் எடுத்த மிகச் சிறந்த பெறுபேறு அதுதான் என்று ஆலோசகர்கள் பத்து மணிக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். பிறகு பத்திரிகைப் பட்டியலும் அதைத்தான் சொன்னது. எங்கள் பெயர் தாளின் மேற்பாதியில் இருந்தது.

நான் தள்ளுவண்டியோடு சுவர்ப் பக்கமாகக் கடந்து போனேன். அந்தக் கூட்டத்துக்கு மேலாகப் பணிப்பாளர் என்னைக் கண்டு, “உங்கள் மகள்?” என்று கேட்டார்.

பாடசாலையில் பத்து மணிக்குத்தான் கொடுப்பார்கள், இன்னும் தெரியாது, என் ஷிப்ட் இரண்டு மணி வரைக்கும் என்றேன்.

“பிறகு இங்கே என்ன செய்கிறீர்கள்?” என்றார். சான்ட்விச்சைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்து, தள்ளுவண்டியின் பிடியை என் கையிலிருந்து வாங்கினார். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் நான் விட்டுவிட்டேன். நான் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். கல்விப் பணிப்பாளர் அடுத்த அறையின் கதவைத் தட்டி, தபால் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பாதி வழியை நடந்தும் ஓடியும் கடந்தேன். பாடசாலை வாசலில் பெற்றோல் நிலையக்காரர் வேலை உடுப்போடு நின்றார். அவருடைய மகன் நடுத்தாளில் ‘பி’ எடுத்திருந்தான். “மஞ்சள் தொட்ட டியை விட, கழுத்துப்பட்டி கட்டின பி நல்லாயிருக்கு, அண்ணை,” என்றார். கண் கலங்கியிருந்தது. என் மகள் உள்ளே நிற்கிறாள் என்பதை எனக்குச் சொல்லவும் அவர் மறந்துவிட்டார்.

மண்டபத்தில் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். மகள் ஒரு தூணுக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். என்னைக் கண்டதும் கையில் இருந்த தாளை நீட்டினாள். ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். கணிதம் என்ற சொல்லுக்கு எதிரே ஓர் எழுத்து இருந்தது. எனக்கு ஆங்கிலத்தில் முதலில் பழக்கிய எழுத்து அதுதான்.

“ஏயோ?” என்று கேட்டேன்.

“ஓம் அப்பா.”

அவளுடைய தலையில் கை வைத்தேன். கணித ஆசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். பிழை தன்னுடையது என்றும், அதைத் திருத்த ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது என்றும் ஏதோ சொன்னார். நான் இல்லை சேர், இல்லை சேர் என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

மண்டபத்தின் மறு பக்கத்தில் உயர்தர வகுப்புக்குப் பெயர் பதிகிற மேசைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மேசையிலும் பாடத்தின் பெயர் எழுதிய அட்டை. மகள் தாளை என்னிடமிருந்து திரும்ப வாங்கினாள். “ஒரு நிமிசம் நில்லுங்கோ, அப்பா,” என்று சொல்லிவிட்டுப் போனாள். வரலாறு, உயிரியல், இன்னும் என்னவெல்லாமோ எழுதியிருந்த மேசைகளைத் திரும்பியும் பாராமல் கடந்துபோய், கணிதம் என்று எழுதியிருந்த மேசைக்கு முன்னால் நின்ற வரிசையில் போய் நின்றாள்.